வோட்டுவாலேவு படைக்குப் பன்னிரண்டு பேர்

பிறந்த நாட்டிலேயே இருந்துகொள்வதற்கு விலை பன்னிரண்டு பையன்கள். இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு மார்ச் மாத ஃபிஜி நிலவரம் இது. அப்பாசாமியின் கையில் சரக்கு சரியாகத்தான் இருந்தது, அந்தச் சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும்.

பதினோரு மணிக்கு ரொனில் வந்து வாசலில் நின்றான். கையில் ஸ்கவுட் ஸ்கார்ஃப். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தது. அதைப் பார்த்ததுமே அப்பாசாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊரில் இருக்கப்போகிற பையன் எவனும் ஸ்கார்ஃபை இஸ்திரி போட்டதில்லை.

"எந்த ஊரு?"

"ஆக்லாந்து, மாஸ்டர்."

"எப்போ?"

ரொனில் வாயைத் திறந்தான். தலைக்கு மேலே ஒரு விமானம் கிளம்பியது. வோட்டுவாலேவுவில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் பாதிப் பேச்சில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

"செவ்வாய்க்கிழமை," என்றான் ரொனில், சத்தம் அடங்கியதும்.

சமையலறையிலிருந்து ஜான்கியின் குரல் வந்தது. "பதினொண்ணு."

கணவனும் மனைவியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அப்படி. போன வருஷம் மே மாதம் தலைநகரம் சுவாவில் சிலர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். எண்பத்தேழில் ஏற்கெனவே இரண்டு தடவை ஆட்சி கவிழ்ந்திருந்ததால் சனங்களுக்கு நடைமுறை தெரிந்திருந்தது: முதலில் ரேடியோவைத் திருப்பு, அடுத்து அரிசி வாங்கு, அடுத்து பாஸ்போர்ட்டைத் தேடு. பிரிஸ்பேனில் இருந்த மகன் சுமன் அம்மா அப்பாவுக்கு விண்ணப்பப் படிவம் அனுப்பிவைத்தான். ஜான்கி அதை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்து மூடினாள்.

"நான் எப்பவும் தயார். நீங்க எப்போ?" என்று கேட்டாள்.

அப்பாசாமிக்குப் போகப் பிரியமில்லை. ஒரு முறை ஆறு வாரம் பிரிஸ்பேனில் இருந்து பார்த்திருக்கிறார். அங்கே அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம், எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று தெரிந்துகொள்வது. அதிலும் மருமகள் தினம் திருத்தினாள். இங்கே அவர் லவுத்தோக்கா ஆலையில் முப்பது வருஷம் கரும்பு எடை போட்ட மனிதர். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட மைதானத்துத் தகரக் கொட்டகையில் கூடும் ஸ்கவுட் படைக்கு மாஸ்டர். தெருவில் போனால் யாராவது ஒருவன் மூன்று விரலை நெற்றிக்கு உயர்த்துவான். ஆனால் இதையெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது? "படையை விட்டுட்டு எப்படி வர்றது?" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

ஜான்கி யோசித்தாள். "சரி. படை இருக்கிற வரைக்கும் நாம இருப்போம். படையை மூடின அன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடணும். சரியா?"

"சரி."

ஜான்கி, நாடி நகரத்துக் கடைத்தெருவில் கண்ணாடிச் சாமான் விற்ற பாலசுப்பிரமணியின் மகள். கடையில் வளர்ந்தவள். பொருள் பிடித்துவிட்டால் முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும், இது அவள் அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம். இரண்டாவது, சேதாரம். சுவாவிலிருந்து மண்சாலையில் லாரியேறி வரும் கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒன்று உடைந்துதான் கடைக்குள் வரும். அலமாரியில் எத்தனை நிற்க வேண்டுமோ அதற்குமேல் அரைப்பங்கு கூடச் சேர்த்துத்தான் தருவிக்க வேண்டும். மற்றவர்கள் ராமாயணம் கேட்டுத் தூங்கினார்கள். ஜான்கி இதைக் கேட்டுத் தூங்கினாள். இப்படிப்பட்டவளோடு ஒப்பந்தம் போடுமுன் ஒரு மனிதன் வக்கீலைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் போட்ட மறுவாரமே லவுத்தோக்கா மாவட்ட ஸ்கவுட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு செய்தி. ஒன்று: ஆள் குறைந்துபோன படைகளை நடத்த முடியாது, பன்னிரண்டு பேராவது இருக்க வேண்டும், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கமிஷனர் வந்து தலையை எண்ணுவார். இரண்டு: இனிமேல் இனம், மதம் பார்க்கும் பழக்கம் எந்தப் படையிலும் இருக்கக் கூடாது, பெண்பிள்ளைகளையும் சேர்க்கலாம்.

சட்டப்படி வோட்டுவாலேவு படையில் யார் வேண்டுமானாலும் எப்போதும் சேர்ந்திருக்கலாம். ஆனால் நாற்பது வருஷமாக அது 'நம்ம பசங்க' படை. யாரும் கதவைச் சாத்தவில்லை. யாரும் வந்து தட்டவுமில்லை. அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ரொனில் போன மறுநாள் அப்பாசாமி, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, சபேட்டோ பள்ளத்தாக்கு பஸ்ஸில் ஏறினார். ஃபிஜியர் கிராமத்தில் ஒன்றைக் கேட்கப் போகிறவன் யங்கோனாவை முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும். ஊர்த் தலைவர் எபேலியின் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மரக் கிண்ணத்திலிருந்து நாலு சிரட்டை குடித்து, நாக்கு மரத்துப்போன பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு ஒரு பையன் வேணும்."

எபேலி இன்னொரு சிரட்டை மொண்டு நீட்டினார். பிறகு, "ஒரு பையனா?" என்றார். குரலில் வருத்தம். "இவ்வளவு யங்கோனா கொண்டுவந்த ஆளுக்கு ஒரே ஒரு பையனைக் கொடுத்து அனுப்பினா எங்க ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க? தனியா ஒருத்தன் அங்கே யாரோட பேசுவான்?"

நாலு பையன்களை அனுப்பினார்.

"பதினஞ்சு," என்றார் அப்பாசாமி, வீட்டுக்கு வந்து. நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை.

ஜான்கி கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுளித்தாள். "மே மாசம் இன்னும் வரல்லை."

மே மாதத்துக்கு முன்னால் நடராஜன் வந்தார். நடராஜன் பெற்றோர் குழுத் தலைவர், கோயில் தர்மகர்த்தா, நாற்பது ஏக்கர் கரும்பு. போன வருஷக் கலவரத்தில் அதில் எட்டு ஏக்கரை யாரோ கொளுத்திவிட்டார்கள். யார் என்று தெரியாததால் எல்லார் மேலும் கோபமாக இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்பாசாமிக்கு ஒரு தடவைகூடக் கை கொடுத்ததில்லை. ஸ்கவுட்டுகள் இடது கையால் குலுக்குகிறார்கள் என்பதுதான் காரணம். "சாப்பிடாத கையை நீட்டுறான்," என்பார்.

"காய்விட்டிப் பசங்களைச் சேத்திருக்கியாம்," என்றார் நடராஜன். ஃபிஜியர்களுக்கு அந்த ஊர்ப் பேச்சில் காய்விட்டி என்று பெயர்.

"நாலு பேர்தான். நல்ல பசங்க."

"நான் கெட்ட பசங்கன்னு சொன்னேனா? என் பேரன் ரெண்டு பேரும் உன் படையில இருக்கானுங்க. முகாம்ல ஒரே பானையில இருந்து திங்கணுமா? அவங்க மாட்டுக்கறி டின் இல்லாம சாப்பிட மாட்டாங்க."

"தனிப் பானை வெச்சிடறேன், அண்ணே."

"தனிக் கரண்டி?"

"தனிக் கரண்டி."

நடராஜன் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். அவர் போன அரைமணி நேரத்தில் ஆர்னல்ட் வந்தார். பள்ளி ஆசிரியர், கத்தோலிக்கர், ஜொனத்தன் என்ற பையனின் அப்பா. நியாயம் பேசினால் நிறுத்தத் தெரியாதவர்.

"அண்ணே, ரெண்டு பானைன்னு கேள்விப்பட்டேன். நாங்க எந்தப் பானை?"

"உங்களுக்குத்தான் எல்லாம் ஆகுமே, ஆர்னல்ட்."

"ஆகும். ஆனா முகாம் வெள்ளிக்கிழமை. அதுவும் தவக்காலம். கறி கூடாது. நடராஜன் மாமா பானையிலயும் எங்களைத் தொட விடமாட்டார். அப்ப என் பையன் என்ன, ரெண்டு பானைக்கும் நடுவுல நின்னு வாசனை பிடிக்கறதா? மீன் டின் ஒரு பானை வைக்கணும். இது சோத்து விஷயம் இல்ல, அண்ணே. உரிமை."

"ஒரு பையனுக்கு ஒரு பானையா?"

"உரிமைக்கு எண்ணிக்கை கிடையாது."

ஆக மூன்று பானை. ஜான்கி அந்த வாரம் பல் வலி என்று லவுத்தோக்காவுக்கு பஸ் ஏறினாள். சாயங்காலம் மூன்று அலுமினியப் பானையோடு வந்து இறங்கினாள். மூன்றும் ஒரே அளவு, ஒரே அச்சு.

"பல்லு?" என்று கேட்டார் அப்பாசாமி.

"போன வேலை முடிஞ்சுது. பன்னிரண்டு சொன்னான், எட்டுல நிறுத்தினேன்."

"பானை ஒண்ணு எட்டு டாலரா?"

"பேரம்னா விடக் கூடாது," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். பல் வலிக்காரி மாதிரி இல்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே களைந்தாள்.

மூன்று பானையையும் அடையாளம் காண அப்பாசாமி சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்: ஒன்றில் பருப்பு, ஒன்றில் மீன், ஒன்றில் டின். ஏப்ரல் மாதம் ஃபிஜியில் மழை பெய்யும் என்பது அறுபது வருஷம் அங்கேயே வாழ்ந்த மனிதருக்குத் தெரியாமல் போனது. முகாம் போட்டது சபேட்டோ ஆற்றங்கரையில். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குச் சரியாக மழை கொட்டியது. பானைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மாமரத்தடிக்கு ஓடினார்கள். மழை நின்றபோது மூன்று பானையும் பளபளவென்று, பிறந்தமேனிக்கு நின்றன.

மூடியைத் திறந்து மூக்கால் கண்டுபிடிக்கலாம். அப்பாசாமி அந்த வேலையைத் தொடங்குமுன் பையன்கள் அதை முடித்திருந்தார்கள். கிராமத்துப் பையன்கள் நாலு பேரும் பருப்புப் பானையைச் சுற்றி உட்கார்ந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, மூக்கில் நீர் வழிய, அடிவரைக்கும் சுரண்டினார்கள். மீன் பானையில் மற்ற எல்லோர் கையும் இருந்தது, ஜொனத்தன் கையைத் தவிர. அவனுக்கு மீன் பிடிக்காது. நடராஜனின் பேரன்கள் இருவரும் மரத்துக்கு மறுபக்கம் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மூன்றாவது பானை.

"டேய், அது எதுன்னு தெரியுமா?"

"தெரியும், மாஸ்டர்," என்றான் பெரியவன்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான், மாஸ்டர்."

சின்னவன் பேசவில்லை. வாய் நிறைய இருந்தது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னவன் வீட்டுக்குப் போய், அந்த டின்னு கடையில கிடைக்குமா என்று அம்மாவைக் கேட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நடராஜன் வாசலில் நின்றே பேசினார். உள்ளே வரவில்லை. "என் பேரனுங்க ரெண்டு பேரும் இனி வரமாட்டானுங்க. கோயில் வீதியில இன்னும் மூணு வீட்டுல சொல்லிட்டேன். அவங்களும் வரமாட்டாங்க." நடுவில் ஒரு விமானம் போனது. நடராஜன் விரலை உயர்த்தியபடியே காத்திருந்தார். சத்தம் தேய்ந்ததும் முடித்தார். "சுண்ணாம்புக் கட்டி. தார் இல்ல, பெயின்ட் இல்ல. சுண்ணாம்புக் கட்டி."

"பத்து," என்றாள் ஜான்கி உள்ளிருந்து.

அப்பாசாமி கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். இரண்டாவது செய்தியில் இனத்தையும் மதத்தையும் உபயோகப்படுத்தியாகிவிட்டது. மிச்சம் இருந்தது பெண்பிள்ளைகள்.

வந்தனா, ஷரீன், உர்மிளா என்று மூன்று பேர் கொட்டகை வாசலில் பல நாளாக நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள்தான். உள்ளே வாங்க என்று சொன்னதும் வந்துவிட்டார்கள். வந்தனா முதல் நாளே எல்லா முடிச்சையும் போட்டுக் காட்டினாள். அண்ணன் தூங்கும்போது அவன் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். ஆனால் அவர்களுடைய அம்மாக்கள் மூன்று நிபந்தனையோடு வந்தார்கள். தனிக் கழிப்பறை, அதற்குத் தாழ்ப்பாள், கூடவே ஒரு பொம்பளை.

கழிப்பறைக்காக அப்பாசாமி கொட்டகையின் பின்சுவரில் இருந்து தகரம் கழற்றினார். அதனால் கொட்டகைக்குப் பின்சுவர் இல்லாமல் போனது. தாழ்ப்பாள் வீட்டுக் கோழிக்கூட்டிலிருந்து வந்தது. அதனால் இரண்டு கோழி போனது. பொம்பளைக்கு எங்கே போவது என்று யோசித்து, வேறு வழியில்லாமல், ஒப்பந்தத்தின் எதிர்த்தரப்பிடமே போய் நின்றார்.

"நீ வந்து உக்காந்துக்கறியா? சும்மா உக்காந்தா போதும்."

"உங்க படை மூடாம இருக்க நான் வந்து காவல் உக்காரணுமா?" என்றாள் ஜான்கி. சனிக்கிழமை ஒரு குடையும், உரிக்க வேண்டிய பட்டாணியும் எடுத்துக்கொண்டு வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தாள். பட்டாணியை உரித்தாள், பிள்ளைகளை எண்ணினாள்.

"பதிமூணு," என்றார் அப்பாசாமி அவள் பக்கம் பார்த்து. குரலில் கொஞ்சம் திமிர்.

"பட்டாணி சொத்தையா இருக்கு," என்றாள் ஜான்கி.

அந்தத் திமிர் ஒரு வாரம் நின்றது. அடுத்த சனிக்கிழமை எடித் வந்துவிட்டாள். மெதடிஸ்ட் ஆலயத்துக் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு கைட்ஸ் நடத்துகிறவள். சீருடை, விசில், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, சண்டைக்கென்றே தயாராக வந்திருந்தாள்.

"அண்ணே, உங்க வேட்டியில ஓட்டை விழுந்தா என் சேலையைக் கிழிச்சு ஒட்டுப்போடுவீங்களா?"

"நான் கூப்பிடல, எடித். அதுங்களா வந்துச்சு."

"என்கிட்ட பன்னிரண்டு பேர். இப்ப ஒன்பது. எனக்கும் மேலேர்ந்து கடிதாசி வந்திருக்கு, பத்து வேணும்னு. பொண்ணுங்களுக்கு இடம் குடுக்கறேன் இடம் குடுக்கறேன்னு பொண்ணுங்களோட இடத்தையே மூடுவீங்களா? மூணு பேரையும் திருப்பி அனுப்புங்க."

அப்பாசாமி வாயைத் திறப்பதற்குள் மாமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் குடுக்கறதா இல்ல, எடித்."

"ஜான்கி அக்கா, நீங்க இதுல வராதீங்க. மூணு."

"உனக்கு வேணுங்கறது பத்து. இருக்கிறது ஒன்பது. மூணு எதுக்கு?"

"ரெண்டாவது குடுங்க."

"அந்த மூணுல ஒண்ணு, உர்மிளா, அதுக்கு இங்க வெயில் ஒத்துக்கல. அதைக் கூட்டிக்கிட்டுப் போ. இந்தப் பட்டாணி கொஞ்சம் எடுத்துக்க."

எடித் ஒரு பெண்ணும் ஒரு படி பட்டாணியுமாகத் திரும்பினாள். ஜெயித்த மாதிரிதான் நடந்து போனாள்.

அப்பாசாமி மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார். "பன்னிரண்டாக்கிட்டியே. ஒண்ணு கூட இருந்திருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும். நீ யார் பக்கம்?"

"விலை படிஞ்ச பக்கம்," என்றாள் ஜான்கி.

இனி யாரும் போகாமல் இருந்தால் போதும். யாரும் போகக் கூடாது என்று மனுஷன் வேண்டிக்கொள்வதற்கு விமான நிலையத்தைவிட மோசமான அண்டை கிடையாது. மே மாதம் முதல் வாரம் ரஜனேஷும் அவன் தம்பியும் சிட்னிக்குப் போனார்கள். இரண்டு ஸ்கார்ஃப், இரண்டும் இஸ்திரி போட்டது. மூன்றாம் வாரம் ஷரீன். வான்கூவர். "அங்க பனி பெய்யுமாம், மாஸ்டர்," என்று சொல்லி அழுதாள். பனியை நினைத்து அழுதாளா, முடிச்சுப் பரீட்சை பாதியில் நின்றதை நினைத்து அழுதாளா என்று தெரியவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை, எண்ணிக்கைக்கு முதல் நாள், ஆர்னல்ட் வந்து தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார்.

"அண்ணே, ஜொனத்தனுக்கும் எங்களுக்கும் விசா வந்திடுச்சு. நியூசிலாந்து. நாளைக்குக் காலையில ஃப்ளைட்."

"விசாவுக்கு எப்போ போட்டே?"

"போன நவம்பர்."

"நவம்பர்ல போட்டுட்டு, ஏப்ரல்ல ஒரு பானை மீனுக்காக என் உயிரை வாங்கினியே, ஆர்னல்ட்?"

ஆர்னல்ட்டுக்கு உண்மையாகவே புரியவில்லை. "இருக்கிற வரைக்கும் உரிமையை விடலாமா, அண்ணே?"

ஆக எட்டு. கிராமத்துப் பையன்கள் நாலு, எங்கும் போக வழியில்லாத 'நம்ம பசங்க' மூன்று, வந்தனா ஒன்று. எட்டு என்று சொல்ல ஜான்கி வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்துத் தூசு தட்டி மேசை மேல் வைத்தாள். அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பாசாமி பின்சுவர் இல்லாத கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது நடராஜன் வந்தார். கூடவே இரண்டு பேரன்கள். ஸ்கார்ஃப் கட்டியிருந்தது.

"கேள்விப்பட்டேன்," என்றார் நடராஜன். "எட்டுதானாமே. என் பேரனுங்க ரெண்டு பேரும் நிக்கட்டும். கோயில் வீதிப் பசங்க மூணு பேரையும் வரச் சொல்லிட்டேன். எட்டும் அஞ்சும் பதிமூணு. உனக்கு ஒண்ணு லாபம்."

அப்பாசாமியின் கையிலிருந்த விளக்குமாறு நின்றது. "அண்ணே," என்றார்.

"எண்ணிட்டுப் போனப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்த நாலு காய்விட்டிப் பசங்களை அனுப்பிடு. பதிமூணுல நாலு போனா ஒன்பது. அடுத்த வருஷம் எண்ணும்போது பாத்துக்கலாம். நம்ம படை நம்ம படையா இருக்கட்டும்."

பெரிய பேரன் தரையைப் பார்த்தான். சின்னவன் கிராமத்துப் பையன் மானோவாவைப் பார்த்துக் கையசைத்தான். மானோவா கொடிக்கம்பத்துக் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தான். பதிலுக்குப் புருவத்தை உயர்த்தினான்.

முப்பது வருஷம் எடை மேடையில் நின்ற மனிதர் அப்பாசாமி. கரும்பு லாரியில் கல்லைப் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். தராசில் காலை வைத்து அழுத்தச் சொல்லிக் காசு நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, களைப்போடு, சத்தமே இல்லாமல் சொன்னார்.

"எட்டுதான் இருக்கு, அண்ணே. எட்டுன்னே எண்ணட்டும்."

"பிரிஸ்பேன் போயிடுவே."

"போறேன்."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"குப்பை மூணு நிறம். கத்துக்கறேன்."

நடராஜன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு பேரன்களைத் தோளில் தட்டி அழைத்துக்கொண்டு போனார். சின்னவன் மட்டும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்.

பத்து மணி பஸ்ஸில் லவுத்தோக்காவிலிருந்து வந்து இறங்கியது கமிஷனர் இல்லை. ஒரு சின்னப் பெண், கக்கத்தில் பெரிய பதிவேடு. பெயர் அமீலியா. மாவட்ட அலுவலகத்து குமாஸ்தா.

"கமிஷனர் வரல்லையா?"

"அவர் போன மாசமே மெல்போர்ன் போயிட்டார், அங்கிள். நான்தான் எல்லாம் பாக்கறேன்."

தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. வீட்டில் பெரியவர்களிடம் திட்டு வாங்கிக் கற்ற தமிழ். பிள்ளைகள் எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். மானோவா கொடியை ஏற்றினான். வந்தனா உறுதிமொழி சொன்னாள், மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எட்டுப் பேரின் குரல் பின்சுவர் இல்லாத கொட்டகையில் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியே போய்விட்டது. அப்பாசாமி ஒரு காலத்தில் அறுபது பேர் சேர்ந்து சொல்லிக் கேட்டிருக்கிறார். கடைசியாகக் கேட்பது இதுதான் என்று முழுசாகக் கேட்டார். நல்ல வேளை, விமானம் எதுவும் வரவில்லை.

அமீலியா பென்சிலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினாள். பதிவேட்டில் எழுதினாள்.

மாமரத்தடியில் ஜான்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டாணி இல்லை. பிஸ்கட் டின் இருந்தது. அப்பாசாமி போய்க் கையை நீட்டினார். பேச்சு பேச்சுதான். அவள் டின்னைத் திறந்து படிவத்தையும் பேனாவையும் கொடுத்தாள். ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம்: கணவர் கையெழுத்து, மனைவி கையெழுத்து. இரண்டும் காலி.

"நீ எப்பவும் தயார்னு சொன்னே?"

"தயார்தான்."

"அப்ப ஏன் போடல?"

ஜான்கி முகத்தைச் சுளித்தாள். "முதல்ல யார் விலை சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் நஷ்டம். நீங்க போடுங்க."

அப்பாசாமி பேனாவின் மூடியைக் கழற்றினார். படிவத்தைத் தொடைமேல் வைத்தார். பேனா முனை கட்டத்துக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. இருபத்தாறு வருஷம் கையில் கனத்தது. ஜான்கி அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவளைப் பெட்டி லாரியிலிருந்து இறங்கும்போது அவள் அப்பா இப்படித்தான் பார்ப்பார்.

அமீலியா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அங்கிள், பேனாவை எடுத்து வெச்சிருக்கீங்க, நல்லதாப் போச்சு."

"எட்டுதான்னு எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்."

"இனி மூடறதுக்கு நான் என்ன செய்யணும்?"

அமீலியா அவரைப் பார்த்தாள். ஜான்கியைப் பார்த்தாள். ஜான்கி தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றாள். ஆனால் சின்னப் பெண், கடைத்தெருவில் வளராதவள், முகத்தைச் சுளிக்கத் தெரியாதவள். பதிவேட்டை விரித்து, அவர் மடியிலிருந்த படிவத்துக்கு மேலேயே வைத்துவிட்டாள்.

"எதுக்கு மூடணும்? ரெண்டு மாசம் முன்னாடி ஆன்ட்டி பல்லு வலின்னு லவுத்தோக்கா வந்து, கமிஷனரை ஒன்றரை மணி நேரம் உக்கார வெச்சு, பன்னிரண்டை எட்டாக் குறைச்சுட்டுத்தானே பானை வாங்கப் போனாங்க. 'அவர்கிட்ட சொல்லிடாதே, எட்டுன்னு தெரிஞ்சா எட்டோட நின்னுடுவார், எட்டு நிக்கணும்னா பன்னிரண்டு தருவிக்கணும், நாலு உடையும்'னு சொன்னாங்க, அதே மாதிரி நாலு உடைஞ்சுது, எட்டு நிக்குது, கணக்கு சரி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, அங்கிள்."